ஐரிஷ் மொழியில் அரசு சேவை: கேட்டால்தான் கிடைக்குமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அயர்லாந்தின் 1937ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 8ஆவது பிரிவு ஐரிஷை முதல் ஆட்சிமொழி என்றும் ஆங்கிலத்தை இரண்டாவது ஆட்சிமொழி என்றும் கூறுகிறது. பல ஆண்டுகளாகக் கால்வேயில் வசிப்பவன் என்ற முறையில், அரசு அலுவலகங்களில் இந்த வரிசை தலைகீழாக இருப்பதைக் கண்டு வருந்துகிறேன்.

ஐரிஷில் சேவை கேட்போர் மிகக் குறைவு என்பதே அதிகாரிகள் வழக்கமாகக் கூறும் காரணம். 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 18 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஐரிஷ் தெரியும் என்றபோதிலும், கல்விக்கூடங்களுக்கு வெளியே நாள்தோறும் பேசுவோர் சுமார் 72 ஆயிரம் பேர்தான் என்பது உண்மையே. ஆனால், ஐரிஷில் பேசத் தொடங்கினால் மொழி தெரிந்த ஊழியர் வரும்வரை காத்திருக்க வேண்டும், இல்லையேல் வேறொரு நாள் வர வேண்டும் என்று அறிந்த ஒருவர் முதல் சொல்லிலேயே ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார். அவரையும் ஐரிஷ் வேண்டாதவர் கணக்கில் சேர்ப்பது நியாயமன்று. மேற்கு அயர்லாந்தின் கொனமாராப் பகுதியில் ஐரிஷிலேயே வாழ்ந்து மூத்த ஒருவர், தம் உடல்வலியை மருத்துவரிடம் இன்னொரு மொழியில் விளக்க நேர்வதை வெறும் வசதிக்குறைவு என்று என்னால் கருத இயலவில்லை. எந்த மொழியில் பேச விருப்பம் என்று முதலில் கேட்க வேண்டியவர் ஊழியரே.

பெயர் எழுதுவதிலும் இதே நிலைதான். ஐரிஷில் உயிரெழுத்தின் மேல் இடும் சாய்கோடு நம் நெடிலைப் போன்றது; ‘ஷான்’ என்ற பெயரில் அது விடுபட்டால் ‘ஷன்’, அதாவது ‘பழைய’ என்று பொருள் மாறிவிடும். அந்தக் கோட்டைக் கணினியில் ஏற்பதற்கே சட்டம் தேவைப்பட்டிருக்கிறது.

2021ஆம் ஆண்டின் ஆட்சிமொழித் திருத்தச் சட்டம், 2030 இறுதிக்குள் பொது நிறுவனங்களில் புதிதாகச் சேர்க்கப்படுவோரில் குறைந்தது 20 விழுக்காட்டினர் ஐரிஷில் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும் என்கிறது. அரசுப்பணியில் சேர ஐரிஷ் கட்டாயம் என்ற விதி 1974இல் கைவிடப்பட்டதன் பின், இது மனமார வரவேற்கத்தக்க மாற்றம். எனினும், அப்படித் தேர்வாகிறவர்கள் டப்ளின் தலைமையகங்களில் கோப்புகளோடு முடங்கிவிட்டால், ஐரிஷ் பேசும் கேல்டாக்ட் பகுதி மக்களுக்கு ஒரு பயனும் இராது. மருத்துவமனை, சமூகநல அலுவலகம் ஆகியவற்றில் மக்களை நேரில் சந்திக்கும் பணியிடங்களுக்கே அவர்களை முதலில் அனுப்ப வேண்டும். இலக்கை எட்டிவிட்டோம் என்று அறிக்கை வெளியிடும் நாளில், அவர்களில் எத்தனை பேர் கவுன்டரில் அமர்ந்திருக்கிறார்கள் என்பதையும் அரசு அதில் தெரிவிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கால்வே, அயர்லாந்து.