சீட்டும் டிக்கி மூடியும் நிற்காமல் இறங்கினால்: கேஸ் ஸ்ட்ரட் பற்றி ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பெரிய டூரிங் பைக்கும் மேக்ஸி ஸ்கூட்டரும் வைத்திருப்பவர்கள் குளிர்காலம் வந்தால் அதிகம் சொல்கிற குறை ஒன்று உண்டு. “சீட்டைத் தூக்கினா நிக்க மாட்டேங்குதுங்க, டிக்கி மூடி கை மேலயே விழுது.” அடுத்து வருவது, “கேஸ் மட்டும் நிரப்பிக் குடுங்க” அல்லது “இருக்கறதுலயே ஸ்ட்ராங்கானதா ஒண்ணு போடுங்க”. இந்த இரண்டுக்குமே நாங்கள் முடியாது என்கிறோம். சிலருக்கு அதில் வருத்தம். காரணத்தைப் பட்டறையில் நின்றுகொண்டே அரைகுறையாகச் சொல்வதைவிட எழுதித் தருவது நல்லது என்று தோன்றியது.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம். சீட்டையும் டிக்கி மூடியையும் தூக்கி நிறுத்துவது டிக்கி ஷாக் என்று பலர் சொல்லும் கேஸ் ஸ்ட்ரட். அது ஒரு மூடிய உருளை, அதற்குள் ஒரு பிஸ்டன், அந்தப் பிஸ்டனோடு சேர்ந்து வெளியே நீளும் ராடு என்கிற கம்பி. உருளைக்குள் இருப்பது நைட்ரஜன், கூடவே கொஞ்சம் எண்ணெய். நைட்ரஜன் தீப்பிடிக்காது. பிஸ்டனில் ஒரு நுண்ணிய துளை இருப்பதால் அதன் இரண்டு பக்கமும் அழுத்தம் ஒன்றுதான். ஆனால் ஒரு பக்கத்தில் ராடு இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதால், அந்தப் பக்கம் அழுத்தம் படுகிற பரப்பு குறைவு. அந்த வித்தியாசம்தான் ராடை வெளியே தள்ளுகிறது. 6 மில்லிமீட்டர் ராடு என்றால் அதன் குறுக்குப் பரப்பு சுமார் 28 சதுர மில்லிமீட்டர். இத்தனை சின்ன இடத்திலிருந்து 200 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 20 கிலோவைத் தாங்கும் பலம் வர வேண்டுமானால் உள்ளே 70 பார் அழுத்தம் தேவை. உங்கள் டயரில் 36 பிஎஸ்ஐ காற்று பிடித்தால் அது 2.5 பார்தான்.

இவ்வளவு அழுத்தத்தையும் அடைத்து வைத்திருப்பது ராடு வெளியே வரும் இடத்தில் உள்ள ஒரு ரப்பர் சீல். அது புதிதாக இருக்கும்போதே மிக மிக மெதுவாகக் கொஞ்சம் வாயு வெளியேறிக்கொண்டுதான் இருக்கும். அப்புறம் ராடில் ஒட்டும் தூசி, கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று தரும் துரு, யாரோ கட்டிங் பிளேயரால் பிடித்ததில் விழுந்த கீறல் எல்லாம் சேர்ந்து அந்தச் சீலை அறுக்கின்றன. எங்களிடம் வரும் பழைய ஸ்ட்ரட்டுகளில் ராடைச் சுற்றி எண்ணெயும் புழுதியும் கலந்து ஒரு கறுப்பு வளையம் இருக்கும். அதைப் பார்த்தாலே சீல் போய்விட்டது என்று தெரிந்துவிடும். இன்னொரு அடையாளம் சத்தம். மூடி முழுதாகத் திறக்கும் கடைசி நொடியில் மெதுவாக நிற்காமல் ‘டப்’ என்று அடித்து நின்றால், கடைசி ஓட்டத்தை மட்டுப்படுத்த வேண்டிய எண்ணெய் உள்ளே இல்லை, அல்லது ஸ்ட்ரட்டைத் தலைகீழாக மாட்டியிருக்கிறார்கள். மூடி சாத்தியிருக்கும்போது ராடு கீழ்ப்பக்கம் இருக்க வேண்டும். அப்போதுதான் எண்ணெய் சீலின் மேல் தேங்கி அதை உலராமல் காக்கும்.

சரி, குளிர்காலத்தில் மட்டும் ஏன் இந்தக் குறை கூடுகிறது? வாயுவின் அழுத்தம் வெப்பநிலையோடு ஏறி இறங்கும். ஸ்ட்ரட்டின் மேல் அச்சிட்டிருக்கும் பலம் 20 டிகிரி செல்சியஸுக்கு உரியது. அதிலிருந்து ஒவ்வொரு 10 டிகிரிக்கும் சுமார் மூன்றரை சதவீதம் கூடும் அல்லது குறையும். கோவையில் மத்தியானம் 35 டிகிரியில் மூடியை எப்படியோ தாங்கிக்கொண்டிருக்கும் ஸ்ட்ரட், ஜனவரி விடியற்காலையில் 5 டிகிரி குளிரில் ஊட்டியில் நிற்கும்போது பத்தில் ஒரு பங்கு பலத்தை இழந்திருக்கும். வெயிலில் கொதித்த வண்டியோடு ஒப்பிட்டால் இழப்பு இன்னும் அதிகம். “ஊர்ல நல்லாத்தான் இருந்துச்சு, மலைக்குப் போனதும் போயிருச்சு” என்று சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. அந்த ஸ்ட்ரட் ஏற்கெனவே எல்லையில் நின்றுகொண்டிருந்தது, குளிர் அதை வெளியே காட்டிவிட்டது. நல்ல நிலையில் உள்ள ஸ்ட்ரட் என்றால் இந்த ஏற்ற இறக்கத்துக்கும் சேர்த்தே மிச்சம் வைத்திருக்கும்.

ஆனால் சீட்டோ மூடியோ இறங்கினால் உடனே ஸ்ட்ரட் போய்விட்டது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். இதை நாங்கள் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். டூரிங் வண்டிகளில் பாதிக் கதை மூடியின் மேல்தான் இருக்கிறது. பின்னால் உட்காருபவருக்கு முதுகு சாயும் மெத்தை, அதற்கு மேல் லக்கேஜ் ரேக், ஒரு எக்ஸ்ட்ரா லைட் என்று ஒவ்வொன்றாக டிக்கி மூடியிலேயே மாட்டிக்கொண்டே போகிறோம். கணக்கைப் பாருங்கள். 4 கிலோ மூடி, அதன் எடை மையம் கீலிலிருந்து 24 செ.மீ. தள்ளி, ஸ்ட்ரட் தள்ளுகிற கோட்டுக்கும் கீலுக்கும் இடையே 8 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். மூடியை நிறுத்த மொத்தம் 12 கிலோ அளவு, அதாவது 120 நியூட்டன் தள்ளல் வேண்டும். இரண்டு ஸ்ட்ரட் இருந்தால் ஆளுக்கு 60. குளிருக்கும் தேய்மானத்துக்கும் கொஞ்சம் கூட்டி 70 போட்டிருப்பார்கள். இப்போது 2 கிலோ ரேக்கும் மெத்தையும் கீலிலிருந்து 36 செ.மீ. தள்ளி ஏறுகின்றன. தேவை 21 கிலோவாகிவிடும். கூடியது 2 கிலோதான், ஆனால் ஸ்ட்ரட்டின் வேலை முக்கால் பங்கு ஏறிவிட்டது. கம்பெனி போட்ட ஸ்ட்ரட் இங்கே தோற்காமல் என்ன செய்யும்? கீலிலிருந்து தள்ளிப் போகப் போகச் சின்ன எடையும் பெரிதாக அழுத்தும் என்பதால், நாங்கள் முதலில் கேட்பதே “கடைசியா மூடியில என்ன மாட்டினீங்க?” என்றுதான்.

ஸ்ட்ரட்டின் பலத்தை வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். ஆள் எடை பார்க்கும் மெஷினைத் தரையில் வைத்து, மேலே ஒரு மரத்துண்டு போட்டு, கழற்றிய ஸ்ட்ரட்டின் ராடு முனையை அதன் மேல் ஊன்றி நேராகவும் மெதுவாகவும் அழுத்துங்கள். ராடு பாதி தூரம் இறங்கும்போது மெஷின் காட்டும் கிலோவைப் பத்தால் பெருக்கினால் ஏறக்குறைய நியூட்டன் கணக்கு வந்துவிடும். உள்ளே உரசல் இருப்பதால் அழுத்தும்போது வரும் எண் அச்சிட்ட எண்ணைவிடக் கொஞ்சம் கூடத்தான் வர வேண்டும். 150 நியூட்டன் என்று எழுதியதில் 9 கிலோதான் காட்டுகிறது என்றால் சந்தேகமே வேண்டாம். சாய்த்துப் பிடித்து அழுத்த வேண்டாம், ராடு வளையும், முனை வழுக்கினால் கையைக் கிழிக்கும்.

இனி கேஸ் நிரப்புவது. வால்வு வைத்துச் செய்யப்படும் ஸ்ட்ரட்டுகளும் உண்டு. ஆனால் வண்டிகளோடு வரும் ஸ்ட்ரட்டுகள் அநேகமாகத் தொழிற்சாலையிலேயே நிரப்பி, முனையை உருட்டி மூடிவிட்டவை. அதில் நைட்ரஜன் ஏற்ற வேண்டுமானால் துளையிட்டு, வாயு ஏற்றுவதற்கான நிப்பிள் என்கிற சின்னக் குழாயை வெல்டு வைத்து அடைக்க வேண்டும். மெல்லிய உருளை, 70 பார் அழுத்தம், பக்கத்தில் வெல்டு பட்டுக் கருகிய சீல். அது உங்கள் சீட்டுக்கு அடியில், பல வண்டிகளில் பேட்டரிக்கும் பெட்ரோல் டேங்குக்கும் பக்கத்தில் இருக்கும். யார் எவ்வளவு குறைவாகச் செய்து தருகிறேன் என்றாலும் அதற்கு இடம் கொடுக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். சீல் போனதால்தான் வாயு போனது. அதே சீலோடு மறுபடி நிரப்பினால் மறுபடியும் போகும். பழைய ஸ்ட்ரட்டை அறுப்பது, நெருப்பில் போடுவது, சுத்தியலால் தட்டித் திறப்பது எதுவும் வேண்டாம். எங்களிடமே விட்டுவிட்டுப் போங்கள், அழுத்தத்தைப் பாதுகாப்பாக இறக்கிவிட்டுத்தான் இரும்புக்குப் போடுவோம்.

“ஸ்ட்ராங்கானதா போடுங்க” என்பதற்கும் எங்கள் பதில் அதே மாதிரிதான். தேவைக்கு மேல் பலமான ஸ்ட்ரட் போட்டால் முதல் வாரம் சந்தோஷமாக இருக்கும், லாக்கைத் திறந்ததும் மூடி தானாக எழும். அதற்குப் பிறகு பாரம் முழுவதும் பிளாஸ்டிக் மூடியின் மேல்தான். சாத்தியிருக்கும் நேரமெல்லாம் ஸ்ட்ரட் தள்ளிக்கொண்டே இருக்கும், லாக் அதைப் பிடித்துக்கொண்டே இருக்கும். கீல் திருகு பதிந்திருக்கும் இடத்தில் தலைமுடி போல ஒரு கோடு விழும். நல்ல வெயிலில் பலம் இன்னும் ஏறுவதால் அந்தக் கோடு நீளும். ஒரு ஸ்ட்ரட்டின் விலை எங்கே, பெயின்ட் அடித்த டிக்கி மூடியின் விலை எங்கே! கை விட்டதும் மூடி இருந்த இடத்தில் நின்று, கடைசிக் கொஞ்சத்தைத் தானாக ஏறினால் அதுதான் சரியான அளவு.

இரண்டு பக்கமும் ஸ்ட்ரட் உள்ள மூடியில் ஒன்றை மட்டும் மாற்றித் தர மாட்டோம். புதியது ஒரு பக்கம் தள்ள, பழையது பின்தங்க, மூடி முறுக்கிக்கொள்ளும். சீட்டில் அநேகமாக ஒரே ஒரு ஸ்ட்ரட்தான், அதுவும் ஒரு ஓரத்தில். அங்கே முறுக்கு இயல்பாகவே உண்டு என்பதால் கீல் பின்னில் ஆட்டம் இருக்கிறதா, பிராக்கெட் வளைந்திருக்கிறதா என்று பார்க்காமல் புது ஸ்ட்ரட் மாட்டுவதில் அர்த்தமில்லை. பக்கவாட்டு இழுப்பு இருந்தால் புதுச் சீலும் சீக்கிரமே தேயும்.

ஆன்லைனில் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் விரிந்த நீளத்தை மட்டும் அளக்கிறார்கள். ராடு ஓடும் தூரமும் அதே அளவு முக்கியம். 250 மி.மீ. நீளமும் 80 மி.மீ. ஓட்டமும் உள்ள ஸ்ட்ரட் 170 மி.மீட்டருக்குக் கீழே சுருங்காது. மூடி சாத்தும்போது அங்கே 168 மி.மீ. இடம்தான் இருக்கிறது என்றால், ஓங்கி அழுத்திச் சாத்தும் ஒவ்வொரு முறையும் அந்த 2 மில்லிமீட்டர் பிராக்கெட்டை வளைக்கும். ஸ்ட்ரட்டின் இரண்டு முனையும் வண்டியில் உள்ள பந்து வடிவ ஆணியில்தான் மாட்டும், அதனால் நீளத்தை ஒரு பந்தின் நடுவிலிருந்து மற்றதன் நடுவுக்கு அளக்க வேண்டும். பந்தின் அளவும் ஒத்துப்போக வேண்டும்.

நீங்களே கழற்றுவதாக இருந்தால், மூடிக்கோ சீட்டுக்கோ ஒரு கட்டையை முட்டுக் கொடுத்த பிறகே தொடுங்கள். முனையில் உள்ள கம்பிக் கிளிப்பைச் சின்ன ஸ்க்ரூ டிரைவரால் லேசாக நெம்பினால் போதும், முழுதாக உருவினால் துள்ளி எங்கேயாவது போய்விடும். சீட்டில் ஹீட்டர் ஒயர் இருந்தால் அது இழுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாட்டிய பிறகு ராடுக்கு கிரீஸும் வேண்டாம், ஸ்ப்ரேயும் வேண்டாம். அதில் புழுதிதான் ஒட்டும். வண்டி கழுவும்போது ஈரத்துணியால் ஒரு துடைப்பு போதும்.

வண்டி இன்னும் வாரன்டியில் இருந்தால் முதலில் ஷோரூமில் காட்டுங்கள். எங்களிடம் வருவதாக இருந்தால் ரேக், மெத்தை எதையும் கழற்றாமல் அப்படியே கொண்டு வாருங்கள், அந்த எடையோடுதான் மூடியைத் தராசில் தொங்கவிட்டுப் பார்க்க வேண்டும். ஸ்ட்ரட்டின் மேல் எழுதியிருக்கும் எண் பாலிஷில் அழிந்து போவதற்குள் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் காலையில் கடை திறந்ததும் வாருங்கள். வெயிலில் நின்ற வண்டியில் வலுவிழந்த ஸ்ட்ரட்டும் நல்லது போலத் தெரியும்.

அன்புடன்,
பட்டறையில் உள்ள அனைவரும்