சேரம்பாடி மக்களுக்கு நன்றி மடல்

அன்புள்ள சேரம்பாடி மக்களுக்கு,

வணக்கம். பல் மருத்துவ மாணவர்களுக்கு ஈறு நோய்ப் பாடம் நடத்தும் ஆசிரியை நான். உங்கள் ஊர்ப் பள்ளியில் நாங்கள் நடத்திய முகாமில் எங்கள் இறுதியாண்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவர்கள் நீங்கள்.

கல்லூரியில் முதலில் பொம்மைத் தாடையில் பழகுவார்கள். அந்த ஈறு சிவக்காது, கசியாது, குத்தினாலும் வலிக்காது. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே அளவுக்கம்பியை ஏறத்தாழ 20 முதல் 25 கிராம் அழுத்தத்தில் இறக்க வேண்டும். மூன்று மில்லிமீட்டருக்குள் நின்றால் பெரும்பாலும் கவலையில்லை. ஐந்து, ஆறு என்று இறங்கினால் உள்ளே எலும்பு கரைந்திருக்கக்கூடும். அந்த மென்மையான கைப்பக்குவம், உயிருள்ள வாயில்தான் வரும். தேயிலைக் கொழுந்து பறித்துக் களைத்து வந்தும், "பயப்படாமல் பார், கண்ணு" என்று வாய் திறந்து காட்டினீர்களே, அதற்கு எப்படி நன்றி சொல்வேன்!

ஓர் அம்மா கேட்டார்: "பல்லில் இறுகிப் படிந்த காரையை எடுத்தால் பல் ஆடிப்போகுமாமே?" எங்கள் மாணவி அவர் கையில் கண்ணாடியைக் கொடுத்து, காரைமேல் படியும் கிருமிதான் எலும்பைக் கரைக்கிறது என்றும், ஏற்கனவே பிடிப்பிழந்த பல்லின் ஆட்டத்தைக் காரை மறைத்து வைத்திருக்கிறது என்றும் நிதானமாகச் சொன்னாள். புத்தகத்தில் படித்ததை ஒருவருக்குப் புரியும்படி சொல்ல அன்று அவள் கற்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ரத்தம் வருகிறதே என்று அந்தப் பக்கம் துலக்குவதையே நிறுத்தியிருந்த பலரிடமும், அங்குதான் மென்மையான பிரஷ்ஷால் கூடுதல் கவனத்தோடு துலக்க வேண்டும் என்று பிள்ளைகள் பொறுமையாகப் பேசினார்கள்.

சர்க்கரை நோயாளிகளின் அளவுகளைக் குறித்துத் தந்த கிராம சுகாதாரச் செவிலியருக்குத் தனி நன்றி. சர்க்கரை கட்டுப்படாவிட்டால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரையும் அடங்க மறுக்கும் என்பதை அந்தத் தாள்களை வைத்தே மாணவர்களுக்கு விளக்கினேன். பணியர் பழங்குடிக் குடும்பங்களிடம் நாங்கள் சொன்னதை அவர்கள் மொழியில் எடுத்துச் சொன்ன தம்பியே, நீ இல்லாவிட்டால் பாதிப்பேர் வந்த வழியே திரும்பியிருப்பார்கள். வகுப்பறையைத் திறந்துவிட்ட தலைமையாசிரியருக்கும், ஆட்களை முறைவைத்து அனுப்பிய மேஸ்திரிக்கும், மழையில் எங்களைப் பத்திரமாக இறக்கிவிட்ட ஜீப் ஓட்டுநருக்கும் நன்றி.

வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்களே, புகையிலையை மட்டுமாவது விட்டுவிடுங்கள், கெஞ்சியே கேட்கிறேன். ஆழமாகச் சுத்தம் செய்துகொண்டவர்களின் ஈறு எவ்வளவு இறுகியிருக்கிறது என்று மறுபடி அளந்து பார்க்க மூன்று மாதத்தில் வருவோம். அட்டையை மறக்காமல் எடுத்து வாருங்கள்.

அன்புடன்,
ஈறு நோய்ப் பிரிவு ஆசிரியை