சோங்கிங்கிலிருந்து அப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

"சீனாவில் எப்படிப்பா இவ்வளவு சீக்கிரம் கட்டி முடிக்கிறார்கள்?" என்று போனில் கேட்டாய். அப்போது தளம் போட்டுக்கொண்டிருந்தோம், பேச முடியவில்லை. நீயும் இப்போது சைட்டுக்குப் போகிற பிள்ளை, அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

இந்த ஊர் முழுக்க மலையும் மேடும். லிசிபா என்ற ஸ்டேஷனில் மோனோ ரயில் ஓர் அடுக்குமாடிக்குள் புகுந்து வெளியே வருகிறது. ரயிலுக்கு வேறு தூண்கள், வீடுகளுக்கு வேறு தூண்கள். நீ வந்தால் முதலில் அங்கேதான் கூட்டிப்போவேன்.

ஆனால் வேகத்துக்குக் காரணம் டவர் கிரேன் மட்டும் இல்லை. ஆட்கள் சைட்டிலேயே குடியிருக்கிறார்கள். நீலக் கூரை போட்ட தகர அறைகள், அடுக்குக் கட்டில்கள். எழுந்தால் ஐந்து நிமிட நடையில் வேலை. இப்படிக் கிராமத்து விவசாயத்தை விட்டு வேறு வேலைக்குப் போனவர்கள் நாடு முழுக்க ஏறக்குறைய 30 கோடிப் பேர். 'நோங்மின்கோங்' என்பார்கள். 'ஹுகோ' என்ற குடும்பப் பதிவு சொந்த ஊரில் இருப்பதால், நகரத்துப் பள்ளியில் பிள்ளைகளுக்கு இடம் கிடைப்பது கஷ்டம். தாத்தா பாட்டியிடம் விட்டுவிட்டு வருகிறார்கள்.

எங்கள் சைட்டில் கம்பி கட்டுகிறவர் ஒருவர், சிச்சுவான் கிராமத்துக்காரர். எல்லோரும் 'ஷிஃபு' என்றுதான் கூப்பிடுவோம். தொழில் தெரிந்தவரை மரியாதையாக அழைக்கிற சொல். தன் பிளாஸ்கிலிருந்து எனக்கும் சுடுதண்ணீர் ஊற்றுவார். ஒருநாள் வீடியோ காலில் மகளைக் காட்டினார். "இவள் நடக்கப் பழகியதை நான் பார்க்கவில்லை" என்றார். நீ பத்தாவது பரீட்சை எழுதப் போன காலையில் நானும் ஊரில் இல்லையே, பாப்பா. அன்று இரவு தூக்கம் வரவில்லை.

மதியம் சாப்பிட்டதும் அட்டையை விரித்து, மஞ்சள் ஹெல்மெட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்குவார்கள். யாரும் எழுப்ப மாட்டார்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். உன் சைட்டில் சித்தாள் கொஞ்சம் கண்ணயர்ந்தால் மேஸ்திரியைச் சத்தம் போட விடாதே.

கூலி முன்பெல்லாம் வருஷக் கடைசியில்தான் மொத்தமாகக் கைக்கு வருமாம், ஏமாந்தவர்கள் நிறையப் பேர். 2020 மே முதல் மாதாமாதம் வங்கிக் கணக்கில் போட வேண்டும் என்று விதி. நியாயமான விதி, ஆனால் இழுத்தடிப்பு இன்னும் முழுதாக நிற்கவில்லை.

சீனப் புத்தாண்டுக்கு சைட்டை மூடுவார்கள். ஷிஃபு டிக்கெட் எடுத்துவிட்டார். நானும் எடுத்துவிட்டேன். அம்மாவிடம் இப்போது சொல்லாதே.

அப்பா