கருப்பட்டி மருந்தான கதை

ஆசிரியருக்கு,

பனைத் தொழில் நலிவது பற்றிய உங்கள் செய்தியைப் படித்தேன். நாக்கு மாறியதால் கருப்பட்டி போகவில்லை. பனையேற ஆள் இல்லாததால் போனது. என் சிறுவயதில் எங்கள் வீட்டில் விடிந்தால் கருப்பட்டிக் காப்பிதான், சீனி விருந்தாளிக்கு. இப்போது தலைகீழ். தினமும் சீனி, சளி பிடித்தால் மட்டும் சுக்கோடு கருப்பட்டி. அக்கானி, அதாவது பதநீர், என்றால் என்ன என்று பேரன் கேட்கிறான்!

ரேஷன் கடைகளில் கருப்பட்டி விற்கப்படும் என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையில் அரசு அறிவித்தது. சரி, நல்லதுதான். ஆனால் சீனி கலந்த சரக்கு மலிவாகக் கிடைக்கும்போது அசலை யார் தேடுவார்கள்? கலப்படம் சோதித்து, முத்திரையிட்டு, கால் கிலோ பொட்டலமாக விற்கலாம். அப்புறம், இளைஞர்களுக்குக் கருவி வைத்துப் பனையேறவும் சம்பளத்தோடு பழக்க வேண்டும்.

- ஒரு வாசகர், கருங்கல், கன்னியாகுமரி மாவட்டம்