துக்க இடங்களுக்குப் பெயர் வைப்பவர்களுக்கு

தன்னார்வலர்கள் கூடி வரையும் இணைய உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் குறிச்சொற்களை, அதாவது ஓர் இடம் என்ன வகை என்று சொல்லும் பெயர்களை, முன்மொழிந்து வாக்களிக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். அடக்கத்துக்கோ எரியூட்டலுக்கோ முன்பு உடலை வைத்திருந்து, உறவினர்கள் வந்து பார்த்துவிட்டுப் போகும் அறைக்கு வரைபடத்தில் என்ன பெயர் போடுவது? பிரிட்டனில் 'சேப்பல் ஆஃப் ரெஸ்ட்' என்பார்கள். மதச் சார்பில்லாத அறைக்கும் அங்கே அதே பெயர்தான். ஆனால் 'சேப்பல்' என்றதும் மற்றவர்களுக்குச் சிலுவைதான் நினைவுக்கு வரும். அதனால் 'ப்ளேஸ் ஆஃப் மோர்னிங்', அதாவது துக்க இடம் என்ற பொதுச் சொல்லே மேல் என்பது என் கட்சி. கோயில், மசூதி, தேவாலயம் எல்லாவற்றையும் 'ப்ளேஸ் ஆஃப் வொர்ஷிப்' என்று குறித்து, மதத்தைத் தனியாக எழுதுகிறோம் அல்லவா, அதே வழிதான்.

சரி, பெயர் பொதுவாகிவிட்டது. வரையறை? 'உறவினர் வந்து உடலைப் பார்க்கும் அறை' என்கிறது அது. அதில்தான் எனக்குக் குறை. ஷியா முஸ்லிம்களின் இமாம்பாராவை எடுத்துக்கொள்ளுங்கள். 680-ல் கர்பலாவில் கொல்லப்பட்ட இமாம் ஹுசைனுக்காக இன்றும் கூடி அழும் இடம் அது. சொல்லின்படி பார்த்தால் அதுவும் துக்க இடம்தான், ஆனால் அங்கே உடல் எதுவும் கிடையாது. யூத மரபில் உடலைப் பொதுவாகப் பார்வைக்கு வைப்பதில்லை. துக்கம் காப்பது அடக்கத்துக்குப் பின் ஏழு நாள், வீட்டில். (அந்த வீடுகளைத் தயவுசெய்து வரைபடத்தில் ஏற்றிவிடாதீர்கள்.) முஸ்லிம்களுக்கு முதல் தேவை உடலைக் குளிப்பாட்டும் இடம். ஆக, 'உறவினர் வந்து பார்க்கும் அறை' என்ற வரையறையே சில பண்பாடுகளின் வழக்கம். உலகம் முழுவதற்கும் பொது அல்ல.

ஆகவே என் வேண்டுகோள் இது: அங்கே என்ன நடக்கிறது என்பதைத் துணைக் குறிச்சொற்களாகப் பிரித்து எழுத வழி செய்யுங்கள். உடலைப் பார்க்கலாமா, குளிப்பாட்டலாமா, சடங்கு செய்யலாமா, இரவில் உடன் இருக்கலாமா. வருகிறவருக்கு மட்டுமல்ல, வரக்கூடாதவருக்கும் இது உதவும். யூதர்களில் கோஹன் எனும் பண்டைய குருமார் வழிவந்த ஆண்கள், நெருங்கிய உறவினர் தவிர மற்றவர் உடல் இருக்கும் கட்டடத்துக்குள் போகாமல் இருப்பது மரபு. உடல் எங்கே இருக்கிறது என்று அவர்களுக்கு முன்பே தெரியவேண்டும்.

மதத்தை ஊகித்து எழுதுவதையும் நிறுத்தவேண்டும். அடக்க இடத்துக்கு நாம் எழுதும் மதத்தைப் பொறுத்து, முதன்மை வரைபடத்தில் சிலுவையோ பிறையோ நட்சத்திரமோ விழுகிறது. வான்படத்தைப் பார்த்துக் குத்துமதிப்பாக எழுதினால், யாரோ ஒருவருடைய முன்னோர் மேல் வேறு மதத்தின் சின்னம் ஏறிவிடும். தெரியாவிட்டால் காலியாக விடுவதே மரியாதை.

தமிழாக்கம் செய்பவர்களிடமும் கொஞ்சம் பேசவேண்டும். 'கல்லறைத் தோட்டம்' என்றால் கிறிஸ்தவர்களுடையது, 'மையவாடி' என்றால் முஸ்லிம்களுடையது என்றுதான் வாசிப்பவர் எடுத்துக்கொள்வார். சுடுகாடும் இடுகாடும் ஒன்றல்ல. பொது அடையாளமாக 'அடக்க இடம்' போதும். பார்வை அறையைப் 'பிணவறை' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். அது வேறு இடம், அதற்கு வேறு குறிச்சொல் இருக்கிறது. அதோடு, அப்பாவைக் கடைசியாகப் பார்க்க வருகிறவர் போன் திரையில் படிக்கவேண்டிய சொல்லா அது? 'இறுதி அஞ்சலி அறை' என்றால் எல்லோருக்கும் பொருந்தும். பலகையில் அந்த ஊர்க்காரர்கள் எழுதிவைத்த சொந்தப் பெயரை அப்படியே, அந்த எழுத்திலேயே பெயர்க் கட்டத்தில் போடுங்கள். அதைப் பொதுவாக்க வேண்டியதில்லை.

நம் விதிப்படி குறைந்தது 8 ஆதரவு வாக்கும் 75 சதவீத ஆதரவும் இருந்தால் ஒரு குறிச்சொல் ஏற்கப்பட்டுவிடும். அந்த எட்டுப் பேரும் ஒரே கண்டத்துக்காரர்களாக இருக்கலாம், தடை இல்லை. சாவு தொடர்பான குறிச்சொற்களுக்காவது, வாக்கெடுப்பு தொடங்கும் முன்பே வரைவை வெவ்வேறு மொழிக் குழுக்களுக்கு அனுப்பிக் கருத்துக் கேளுங்கள். தமிழ் வரைவைப் படித்துத் திருத்தித் தர நான் தயார்.

அன்புடன்,
வரைபடத் தன்னார்வலர் ஒருவர்