குயில் அக்காவும் எறும்பு அண்ணனும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறுவர் பக்கத்தில் வாரந்தோறும் வரும் இயற்கைக் கதைகளைப் பற்றி இந்தக் கடிதம். மரம் பேசுவதிலோ முயல் சட்டை போடுவதிலோ எனக்கு மறுப்பில்லை. கதை என்றால் அப்படித்தான் இருக்கும். அந்த உயிரின் பிழைப்பையே மாற்றி எழுதுவதுதான் சிக்கல். எறும்பு பேசும் என்று எந்தக் குழந்தையும் நம்பாது. ஆனால் “எறும்பு அண்ணன் இரை சுமந்தான்” என்பதை நம்பிவிடும்.

நம் கதைகளில் பிழை உறவுமுறையிலேயே தொடங்கிவிடுகிறது. இரை சுமக்கும் எறும்பும், பூவுக்குப் பூ போகும் வேலைக்காரத் தேனீயும், நம்மைக் கடிக்கும் கொசுவும் பெண்கள். கூவும் குயில், தோகை விரிக்கும் மயில், ராத்திரி கத்தும் சுவர்க்கோழி, மழை பெய்ததும் குளத்தில் கூச்சல் போடும் தவளை எல்லாம் ஆண்கள். தூக்கணாங்குருவியில் கூடு பின்னுவதும் ஆண்தான். பாதிக் கூடு முடிந்த நிலையில் பெண் வந்து பார்க்கும். அதற்குப் பிடித்தால்தான் மீதிக் கூட்டையும், கீழ்நோக்கித் தொங்கும் நுழைவுக் குழாயையும் ஆண் பின்னி முடிக்கும். பிடிக்கவில்லை என்றால் கூடு அரைகுறையாகவே கிடக்கும். பனை மட்டையிலும் கிணற்றோர முள்மரத்திலும் தொங்கும் அரைக்கூடுகளுக்கு இதுதான் பெரும்பாலும் காரணம். இதைவிட நல்ல கதைக் கரு வேண்டுமா? நாமோ இன்னும் அந்தக் கூட்டில் ஈரமண் வைத்து மின்மினியை விளக்காகப் பதித்துக்கொண்டிருக்கிறோம். உட்சுவரில் ஈரமண்ணை அப்பி வைப்பது மட்டும் உண்மை.

“குயிலம்மா குஞ்சுக்குப் பாட்டுச் சொல்லித் தந்தாள்” என்ற வகைக் கதைகளில் ஒரே வரியில் இரண்டு தவறு. பெண் குயில் ‘கிக் கிக்’ என்று கத்துமே தவிர, ஆணைப் போல நீட்டிக் கூவாது. குஞ்சை வளர்ப்பதோ காக்கை. குயில் முட்டை 12 முதல் 14 நாளில் பொரிந்துவிடும். காக்கை முட்டைக்கு அதைவிட இரண்டு மூன்று நாள் கூடுதலாக ஆகும். முந்திக்கொண்டு பிறந்த குஞ்சு, காக்கை கொண்டுவரும் இரையில் முதல் வாயை வாங்கிக்கொள்கிறது. அதற்குப் பாட்டுச் சொல்லித்தர யாருமில்லை. இருந்தும் ஒருநாள் குயிலாகவே கூவுகிறது. இதை உள்ளபடி எழுதினாலே போதும்.

கதைக்குள் வைக்கும் உண்மை சரிதானா என்பதோடு இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: அந்த உண்மையை உருவிவிட்டால் கதை விழுகிறதா? இலவு காத்த கிளியைப் பாருங்கள். இலவங்காய் பச்சையாக, நீளமாக, இன்றைக்குப் பழுக்கும் நாளைக்குப் பழுக்கும் என்று ஆசைகாட்டியபடி தொங்கும். கடைசியில் காய்ந்து வெடித்துப் பஞ்சாகப் பறக்கும். இந்தச் செய்தி இல்லாவிட்டால் அந்தக் கதையே இல்லை. இப்போது வருபவற்றில் பாதிக்கு மேல் நேர்மாறானவை. ஆந்தைத் தாத்தா கிளையில் உட்கார்ந்து பத்துத் தகவலை ஒப்பிக்கிறார், குட்டி முயல் “அப்படியா தாத்தா!” என்கிறது, கதை முடிந்தது. அது கதையல்ல, வகுப்பு. ஐந்து நிமிடத்தில் வாசித்துக் காட்டக்கூடிய கதையில் ஓர் உயிர், அதற்கு ஒரு சிக்கல், மிஞ்சினால் மூன்று உண்மை. அந்த மூன்றும் பேச்சில் வராமல் நடப்பில் வர வேண்டும்.

இறக்குமதிக் கதைகளிலும் கவனம் தேவை. நம் தோட்டத்து அணில் குளிர்காலத்தில் பொந்துக்குள் தூங்கிக் கிடப்பதில்லை. ஐப்பசியில் இங்கே இலை உதிராது, மழை கொட்டும். நம் மரங்களில் பல இலை கொட்டுவது தை, மாசியில்.

மாயாஜாலம் வேண்டுமென்றால் அத்திமரத்தடிக்குப் போகலாம். அத்திக்குப் பூ உண்டு. நாம் காய் என்று சொல்வதற்குள்ளேயே நூற்றுக்கணக்கில் பூத்திருக்கிறது. ஓரிரு மில்லிமீட்டர் நீளமே உள்ள பெண் குளவி ஒன்று, காயின் நுனியில் இருக்கும் துளைக்குள் தன்னைத் திணித்துக்கொண்டு போகும். வழி அவ்வளவு இறுக்கமாக இருப்பதால் சிறகு முறிந்து வெளியிலேயே விழுந்துவிடும். உள்ளே அது சில பூக்களில் முட்டையிடும், கொண்டுவந்த மகரந்தத்தை மற்ற பூக்களில் சேர்க்கும், அங்கேயே செத்துப்போகும். பிறகு அந்தக் காய்க்குள்ளேயே பிறக்கும் ஆண்களுக்குச் சிறகு கிடையாது. அவை இணைசேர்ந்து, பெண்கள் வெளியேறக் காயின் சுவரைக் குடைந்து வழி விட்டு மடியும். மகரந்தத்தோடு பறந்துபோகும் பெண்ணுக்கு ஆயுள் ஒன்றிரண்டு நாள்தான். அதற்குள் சரியான பருவத்தில் இருக்கும் இன்னொரு அத்திமரத்தைக் கண்டுபிடித்தாக வேண்டும். ஆலுக்கும் அரசுக்கும் இதே ஏற்பாடு, ஆனால் பொதுவாக மரத்துக்கு மரம் குளவி வேறு. ராஜகுமாரியும் மந்திரவாதியும் இல்லாமலே நான்கு வாரத் தொடர் எழுதலாம்.

கதையைப் படித்த குழந்தை மறுநாள் போய்ப் பார்க்க ஏதாவது இருக்க வேண்டும். அதற்கு எலுமிச்சை அல்லது கறிவேப்பிலைச் செடி தோது. இளந்தளிரில் ஒரு மில்லிமீட்டர் அளவில், தனித்தனியாக, வெளிர்மஞ்சள் உருண்டைகள் ஒட்டியிருந்தால் அவை வண்ணத்துப்பூச்சி முட்டைகளாக இருக்கலாம். மூன்று நான்கு நாளில் வெளிவரும் புழு பறவை எச்சம் மாதிரியே இருக்கும். கடைசித் தோலுரிப்புக்குப் பிறகுதான் பச்சையாகும். குச்சியால் லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் கவைபோல் ஒன்றை நீட்டி நாற்றம் விடும். வளர்க்க விரும்பினால் அகலவாய் ஜாடி, மேலே வலைத்துணி, உள்ளே சாய்வாக ஒரு குச்சி போதும். இலைக் கொத்தைத் தண்ணீர்க் குப்பியில் வைத்து அதன் வாயைப் பஞ்சால் அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் புழு இறங்கி மூழ்கிவிடும். எச்சத்தைத் தினமும் கொட்ட வேண்டும். மூடியை இறுக்கி மூடினால் ஈரம் தங்கிப் புழு அழுகும். கடையில் வாங்கிய கறிவேப்பிலையில் மருந்து அடித்திருந்தால் ஒரே நாளில் செத்துவிடும். இரண்டு வாரம் தின்ற பிறகு புழு சாப்பாட்டை விட்டு, நீராகக் கழிந்து, இங்குமங்கும் அலையும். நோய் என்று பயந்து தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அது கூட்டுப்புழுவாகத் தயாராகும் நேரம். எட்டுப் பத்து நாளில் வண்ணத்துப்பூச்சி வரும். சில கூடுகளிலிருந்து குளவியும் வரலாம். புழுவுக்குள் முட்டையிடும் குளவிகள் உண்டு. கதையில் அதையும் மறைக்க வேண்டாம்.

எருக்கில் வளரும் வண்ணத்துப்பூச்சியின் கதை இன்னும் சுவையானது. செடியின் நஞ்சு புழுவின் உடலில் தங்கி, வண்ணத்துப்பூச்சியான பிறகும் இருப்பதால் பறவைகள் பெரும்பாலும் அதைத் தொடுவதில்லை. நஞ்சில்லாத வேறொரு வண்ணத்துப்பூச்சியின் பெண் அதே வேடத்தில் திரிந்து தப்பித்துக்கொள்கிறது. ஆனால் எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து. ஆகவே அதைக் கதையாகப் போடுங்கள், செய்முறையாகப் போடாதீர்கள்.

நஞ்சு விஷயத்தில் இன்னும் கண்டிப்பு வேண்டும். “பறவை தின்ற பழத்தை நம்பித் தின்ற சிறுவன்” என்ற கரு அடிக்கடி வருகிறது. மஞ்சள் அரளிக் காயைக் குயில் தின்னும், ஒன்றும் ஆகாது. மனிதர் தின்றால் உயிருக்கே ஆபத்து. குன்றிமணியும் மனிதருக்கு அப்படித்தான். இந்தக் கருவில் வரும் கதைகளை, எவ்வளவு நன்றாக எழுதியிருந்தாலும், தயவுசெய்து அச்சிட வேண்டாம்.

படம் வரைபவருக்கும் கதையோடு ஒரு குறிப்பு அனுப்புங்கள். எறும்புக்குக் கால் ஆறு, எல்லாம் நடு உடம்பிலிருந்து கிளம்ப வேண்டும், வயிற்றிலிருந்து அல்ல. சிலந்திக்கு எட்டு. எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் கூட்டுப்புழு தலை மேலாக, இடுப்பில் ஒரு பட்டுநூலைக் கட்டிச் சாய்ந்து நிற்கும்; எருக்கில் வளர்வதன் கூட்டுப்புழு தலைகீழாகத் தொங்கும். குயில் கதையைப் பங்குனி, சித்திரையிலும், வண்ணத்துப்பூச்சிக் கதையை மழையில் தளிர் வரும் கார்த்திகையிலும் வெளியிட்டால், பிள்ளைகள் அந்த வாரமே வெளியே போய்ப் பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
வாசகர்,
திருநெல்வேலி