ஒரு மாதம் கழித்து வரவும்?

ஆசிரியருக்கு,

மனநலப் பிரிவிலிருந்து வீடு திரும்பிய வளரிளம் பிள்ளைகள் சில வாரங்களிலேயே மறுபடி சேர்க்கப்படும்போது, 'மாத்திரை போடுவதில்லை' என்று பழி பிள்ளைமேல் விழுகிறது. ஏன் போடுவதில்லை என்று யாரும் கேட்பதில்லை. பலருக்குத் தரப்படும் ஒலான்சபின் என்ற மனநோய் மருந்து பசியைத் தூண்டி எடையை மளமளவென ஏற்றும். பகலிலும் தூக்கம் சொக்கும். வகுப்பில் கேலி தொடங்கினால் மாத்திரை ஜன்னல் வழியே போய்விடும். எடையைத் தவறாமல் பார்த்து, மருத்துவர் அளவைக் குறைக்கலாம், மருந்தையே மாற்றலாம். பிள்ளையே திடீரென நிறுத்தினால் நோய் திரும்பும்.

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, பிரிவு 98, வீட்டுக்கு அனுப்புமுன் நோயாளியிடமும் குடும்பத்தாரிடமும் கலந்துபேசித் தொடர் சிகிச்சைத் திட்டம் வகுக்கச் சொல்கிறது. கையில் கிடைப்பதோ பெரும்பாலும் 'ஒரு மாதம் கழித்து ஓ.பி.க்கு வரவும்' என்ற ஒற்றை வரி. தற்கொலை ஆபத்து மிகுந்ததே அந்த முதல் சில வாரங்கள்தான்!

முதல் சந்திப்பு ஏழு நாளுக்குள் இருக்கட்டும். மாத்திரையைப் பூட்டிவைத்து எடுத்துக் கொடுப்பவர் யார், தூக்கம் கெடுவது போன்ற முன்னறிகுறிகள் எவை, பள்ளிக்கு முதலில் அரைநாள் போதுமா, இரவில் அழைக்க அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416 ஆகியவற்றைத் தமிழில் ஒரு தாளில் எழுதித் தரலாமே. வீட்டுச் சண்டை ஓயாதவரை மருந்து மட்டும் என்ன செய்யும்? பெற்றோருக்கும் ஆலோசனைக்குத் தேதி குறியுங்கள்.

- மனநலச் செவிலியர்கள் சிலர், மதுரை